நீலக் குப்பி

பிள்ளைகளிடம் விடையைச் சொல்லிவிடுவது சத்யப்ரியாவுக்கு எப்போதுமே பிடிக்காது. சென்னையில் ஸ்டெம் என்கிற அறிவியல்-கணிதப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு அது கொள்கையாகவே ஆகிவிட்டது. ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், பிள்ளைகள் கையால் செய்து கண்ணால் பார்த்துத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும், பாடம் அவரவர் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று அங்கே வந்தவர்கள் மாற்றி மாற்றிப் பேசினார்கள். பேசிய யாரும் பத்தாம் வகுப்பில் ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவர்களாகத் தெரியவில்லை. அது கிடக்கட்டும். சத்யப்ரியா நம்பினாள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல டீச்சர்தான் அவள். நெசவுத் தெருக்களுக்கு நடுவே இருந்த அந்தக் காஞ்சிபுரத்துப் பள்ளியில், கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு செல்போனை நோண்டாத அறிவியல் டீச்சர் அவள் ஒருத்திதான்.

பயிற்சியில் கொடுத்த பெட்டியில் ரத்த வகை பார்க்கும் சாமான்கள் இருந்தன. விரலில் ஊசியால் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டு ரத்தம் வைக்க வேண்டும். ஒன்றில் நீல மருந்து, இன்னொன்றில் மஞ்சள் மருந்து. நீலத்தில் ரத்தம் திரிந்து குருணையானால் அது ஏ வகை. மஞ்சளில் திரிந்தால் பி. இரண்டிலும் திரிந்தால் ஏபி. எதிலும் திரியாவிட்டால் ஓ. இவ்வளவுதான் வித்தை. ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது பெட்டி கைதவறி விழுந்து, நீலக் குப்பி மட்டும் உடைந்து தொலைத்தது.

ஆய்வக உதவியாளர் துரைக்கண்ணு பழைய பீரோவைக் குடைந்து இன்னொரு நீலக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்தக் காலத்தில் வாங்கியதோ, லேபிளில் தேதி அழிந்துபோயிருந்தது. ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டிய மருந்து எத்தனை கோடைக்கு அந்தத் தகரப் பீரோவில் வெந்துகொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

“கலர் நல்லாத்தான் இருக்குது மேடம்,” என்றார் துரைக்கண்ணு.

சத்யப்ரியா தன் விரலையே குத்திச் சோதித்தாள். அவள் பி வகை. நீலத்தில் ஒன்றும் ஆகவில்லை, மஞ்சளில் அழகாகத் திரிந்தது. சரியாகத்தான் வருகிறது என்று முடிவுகட்டினாள். ஏ வகை ரத்தம் உள்ள யாரையாவது கூப்பிட்டு நீலத்தில் திரிகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அறிவியல் டீச்சருக்கு அது தெரியாமலில்லை. ஆனால் மணி அடித்துவிட்டது, வாசலில் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய வகுப்பு திருவிழா மாதிரி நடந்தது. ஊசியைப் பார்த்து அலறியவர்கள், பக்கத்தில் இருப்பவனைத் தள்ளிவிட்டவர்கள், குத்திக்கொண்ட விரலைத் தியாகி மாதிரி தூக்கிக் காட்டியவர்கள். எல்லோரும் தங்கள் வகையை எழுதிக்கொண்டார்கள். அப்பா, அம்மா என்ன வகை என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, சுவரில் பெரிய சார்ட் ஒட்டி, ஒவ்வொருவரும் தங்கள் பெயருக்கு நேரே மூன்று வகைகளையும் எழுதினார்கள். அந்த வாரம்தான் பாரம்பரியப் பாடம் நடத்தியிருந்தாள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று கட்டம் போட்டு, பிள்ளைக்கு எது வரும், எது வராது என்று கணக்குப் போடும் பாடம்.

“இப்ப உங்க வீட்டுக் கணக்கு சரியா வருதான்னு பாருங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்,” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வசந்த் என்ற பையன்தான் முதலில் எழுந்தான். “மிஸ், இளவரசிக்கு இடிக்குது மிஸ். அவங்க அப்பா ஏபி, அம்மா பி. அப்பா ஏ குடுப்பாரு, இல்ல பி குடுப்பாரு. ஓ அவருகிட்டயே இல்லையே. அப்புறம் அது எப்டி மிஸ் ஓ-வா இருக்கும்?”

“சபாஷ்!” என்றாள் சத்யப்ரியா.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஒரு பிள்ளை தன் மூளையைப் போட்டு ஒன்றைக் கண்டுபிடித்தால் சொல்லும் சபாஷ். கண்டுபிடித்தது என்ன என்று அதற்குப் பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதல் பெஞ்சில் இளவரசி நோட்டில் கட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பிலேயே அதிகம் கேள்வி கேட்கிற பெண் அவள். அப்போது எதுவும் கேட்கவில்லை.

“அபூர்வமா சில விதிவிலக்கு உண்டு,” என்று சத்யப்ரியா இழுத்தாள். அதற்கும் சிரிப்புதான் எழுந்தது. மணி அடித்தது, தப்பித்தாள்.

பள்ளி விட்ட பிறகு அவள் சார்ட் முன்னால் வந்து நின்றாள். அப்பாக்கள் வரிசையில் ஏ இருந்தது, அம்மாக்கள் வரிசையில் ஏ இருந்தது. பிள்ளைகள் வரிசையில் மேலிருந்து கீழ்வரை ஒரு ஏ கூட இல்லை, ஒரு ஏபி கூட இல்லை. ஐம்பது பிள்ளைகளில் ஒன்று கூடவா இருக்காது? நீலக் குப்பி செத்த குப்பி. அதில் எந்த ரத்தமும் திரிந்திருக்காது. ஏ வகைப் பிள்ளைகள் எல்லோரும் ஓ என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். மற்ற வீடுகளில் கணக்கு எப்படியோ ஒப்பேறிவிட்டது. இளவரசியின் வீட்டில் மட்டும் இடித்துவிட்டது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. வருகைப் பதிவேட்டில் இளவரசியின் அப்பா சிவபாலனின் எண் இருந்தது. போனைக் கையில் எடுத்தும்விட்டாள்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. இப்போதே சொல்லிவிட்டால் சப்பென்று போய்விடும். திங்கட்கிழமை புதுக் குப்பி வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல் சார்ட்டைக் காட்டி, ‘இதில் என்ன குறைகிறது?’ என்று மட்டும் கேட்டால்? பிள்ளைகளே பிழையைக் கண்டுபிடிப்பார்கள். கருவியையும் சந்தேகப்பட வேண்டும் என்பதை வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சியிலும் கிடைக்காது. இளவரசியின் முகம் அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. இரண்டு நாள்தானே என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமைப் பாடம் அவள் நினைத்ததற்கு மேலேயே நடந்தது. சார்ட்டைப் பார்த்த சற்று நேரத்திலேயே, “ஏ யாருக்குமே இல்ல மிஸ்!” என்று ஒருத்தி கத்தினாள். குப்பி மேல் சந்தேகம் வந்தது. புதுக் குப்பியில் சோதித்தபோது வசந்தின் ரத்தம் நீலத்தில் திரிய, வகுப்பே மேசையைத் தட்டியது. சத்யப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம். இளவரசியின் இடம் காலியாக இருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இளவரசியின் எதிர்வீட்டுப் பெண் பிரியதர்ஷினி மட்டும் மேசையைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் வந்தாள்.

“மிஸ், அப்போ இளவரசியும் ஏ-வாத்தான் இருக்குமா?”

“பெரும்பாலும் அப்படித்தான். ஏன்?”

“அவங்க அம்மாவை சனிக்கிழமையே வாலாஜாபாத்துல அவங்க பொறந்த வீட்டுக்கு அனுப்பிட்டாங்க மிஸ். ராத்திரியெல்லாம் ஒரே சத்தம். தெருவே வெளியே வந்து நின்னுக்கினு இருந்துச்சி.”

சத்யப்ரியா அங்கே நிற்கவில்லை. நேராகத் தலைமையாசிரியர் தேவேந்திரனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நிதானமாகக் கேட்டார்.

“ரத்தம் எடுக்க பேரன்ட்ஸ்கிட்ட பர்மிஷன் வாங்கினீங்களாம்மா?”

“இல்ல சார்.”

“அப்ப வாயைத் தொறக்காதீங்க. நீங்க அங்க போனா, ஸ்கூல்தான் தப்பு பண்ணிச்சின்னு நாமே எழுதிக் குடுத்த மாதிரி. புருஷன் பொண்டாட்டி சண்டை, நாலு நாள்ல தானா சரியாப் பூடும்.”

“ஒரு பொம்பளை மேல பழி விழுந்திருக்கு சார். அது என்னால.”

“நான் சொல்றதைச் சொல்லிட்டேன்,” என்று அவர் கோப்பைத் திறந்துகொண்டார். அவள் அரை நாள் விடுப்பு எழுதி மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். இளவரசியின் அம்மா ஜீவிதா தன் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பழைய குப்பி, என் தப்பு என்று சொல்லிவிட்டால் போதும், அந்த மனிதர் அடுத்த பஸ்ஸிலேயே ஓடிப்போய்ப் பெண்டாட்டியைக் கூட்டிவந்துவிடுவார் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. சிவபாலன் குழியில் கால் வைத்து உட்கார்ந்து புடவையின் உடலை நெய்துகொண்டிருந்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கரைக்குத் தனியாக நூல் நாடாவை ஓட்ட இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அது ஜீவிதாவின் இடம். இப்போது அங்கே இளவரசி உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க டீச்சர்,” என்று சிவபாலன் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். சத்யப்ரியா உட்காரவில்லை. மூச்சுவிடாமல் சொன்னாள். குப்பி பழையது, சோதிக்காமல் விட்டது தான்தான், வகுப்பில் யாருக்குமே ஏ வரவில்லை, இளவரசியை எந்த லேபில் வேண்டுமானாலும் காட்டலாம், செலவு தன்னுடையது.

“தெரியும் டீச்சர்,” என்றார் அவர். “நேத்தே இவளைக் கூட்டினு போயி லேபுல பாத்துட்டேன். ஏ பாசிட்டிவ். எம் பொண்ணுதான்.”

“அப்ப அவங்களை ஏன் இன்னும் கூப்பிடலை?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று மகளை ஒருதரம் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

“வெள்ளிக்கெழமை சாப்பிட உக்காந்தோம். இவ நோட்டை எடுத்துனு வந்தா. அப்பா, நீ ஏபி, அம்மா பி, நான் எப்டிப்பா ஓ-ன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியலை. கட்டம் போட்டு, ஒவ்வொண்ணா, பொறுமையா சொல்லிக் குடுத்தா டீச்சர். நல்லாப் புரிஞ்சிச்சி.”

குத்தலாகச் சொல்லவில்லை அவர். குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது சத்யப்ரியாவுக்கு.

“இவங்க அம்மா சிரிச்சா. இது என்னா கூத்துன்னு சிரிச்சா. நான்தான் சிரிக்கலை. யாருன்னு கேட்டேன். கேட்டுக்கினே இருந்தேன். கையும் நீண்டுச்சி. கடைசில ஒரு பேரைச் சொன்னா. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க ஊர்ல ஒருத்தன். பேசினதோட சரியாம். இருக்கும். பொண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு லேபுலயே சொல்லிட்டாங்க. ஆனா பேரைச் சொல்லிட்டாளே டீச்சர்.”

“அடிச்சா யாரா இருந்தாலும் ஏதாவது சொல்வாங்க. அடிச்சது நீங்கதானே?” என்றாள் சத்யப்ரியா.

“நான்தான். அடிக்கலைன்னா சொல்லியிருக்க மாட்டா. அதுவும் தெரியுது. தெரிஞ்சி என்னா பண்றது? அந்த ஊருக்கேதான் அனுப்பியும் வெச்சிருக்கேன்.” அவர் தறியைப் பார்த்தே பேசினார். “நீங்க போயி கூட்டினு வாங்க. நான் வேணான்னு சொல்லலை. எதிர்ல வந்து உக்காந்தா அவகிட்ட என்னா பேசறதுன்னுதான் தெரியலை.”

“இளவரசி ஸ்கூலுக்கு...”

“முகூர்த்தப் பொடவை டீச்சர். இவளும் எழுந்துட்டா கரைக்கு யாரு?”

சத்யப்ரியா வாசலுக்கு வந்தாள். செருப்பு மாட்டும்போது இளவரசி பின்னாலேயே வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“நான் இப்பவே வாலாஜாபாத் போறேன்மா. அம்மாகிட்ட நானே சொல்றேன்,” என்றாள் சத்யப்ரியா.

“அம்மா வராது மிஸ். போன் பண்ணேன். டெஸ்ட் தப்பாம்மா, வந்துடும்மான்னு அழுதேன். உங்கப்பனைக் கூட மன்னிச்சிடுவேன், மொதல்ல கேட்டது நீதானேடின்னுச்சி. அப்புறம் எடுக்கவே இல்ல.”

“உன் மேல தப்பே இல்ல இளவரசி. அந்தக் குப்பி...”

“குப்பி தப்புன்னு உங்களுக்கு எப்ப மிஸ் தெரிஞ்சிச்சி?”

அவள் எப்போதும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, பதில் தெரிந்தாக வேண்டும் என்கிற முகத்தோடு. இன்றைக்குக் காலையில் என்று சொல்லலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சத்யப்ரியாவால் பொய் சொல்ல முடியவில்லை.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம்,” என்றாள்.

உள்ளேயிருந்து சிவபாலன் மகளைக் கூப்பிட்டார். இளவரசி திரும்பினாள், திரும்பியவள் ஒரு நொடி நின்றாள்.

“அப்ப நாங்க சாப்பிடவே உக்காரலை மிஸ்,” என்றாள்.