நேட்டாலில் நடந்த கல்யாணம்

போதகர் ஏசாயா ஆப்பிரிக்காவிலிருந்து சிங்கத்தோலோடு வருவார் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்து போனார்கள். அவரோடு வந்தது ஒரு தகரப் பெட்டி, விடாத இருமல், நம்மூர் வெயிலுக்குச் சற்றும் ஒவ்வாத ஒரு கறுப்புக் கோட்டு. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னச் சபையார் சாலைக்கே போய் மாலை போட்டுக் கூட்டி வந்தார்கள். "அங்க மனுசன மனுசன் திம்பானாமே, நெசந்தானுங்களா?" என்று சபை மூப்பர் வழியிலேயே கேட்டுவிட்டார். "நான் பார்க்கலீங்க" என்றார் ஏசாயா. கரும்புத் தோட்டத்தில் துரைமார் ஆளை வேலை வாங்கியதை நேரில் பார்த்தவருக்குத் தான் சொன்ன அந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை.

அவர் போனது காட்டுக்கல்ல, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்கு. முன்னொரு காலத்தில் ஆள்பிடிக்கிறவர்கள் ஆசை காட்டிக் கப்பலேற்றிக் கொண்டுபோன தமிழ்ச் சனம் அங்கே கரும்பு வெட்டிக்கொண்டு, ஊர் திரும்ப வழியில்லாமல் தங்கிவிட்டிருந்தது. அவர்களுக்குத் தமிழில் வேதம் சொல்ல ஆள் வேண்டுமென்று மிஷன் கேட்டபோது ஏசாயா மனைவி மரகதத்தை மாமனார் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார். மூன்று வருஷம் கழித்து, முப்பத்திரண்டாம் வருஷத்து ஆனி மாதத்தில்தான் திரும்பினார்.

வந்த செய்தி பரவியதும் வீட்டு வாசலில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். சபைக்குச் சம்பந்தமில்லாத, சுற்று வட்டாரத்துக் கூலிக்காரச் சனம். அண்ணன் போனான், மாமன் போனான், எங்காவது கண்டீர்களா என்று கேட்டார்கள். கடலுக்கு அப்பால் எல்லாரும் ஒரே தெருவில் குடியிருப்பதாக அவர்கள் நினைப்பு. முதலில் ஏசாயா பொறுமையாகப் பதில் சொன்னார். அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. "ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வாங்க, எல்லாத்தையும் அங்கயே சொல்றேன்" என்று அனுப்ப ஆரம்பித்தார். அந்தச் சாக்கில் நாலு பேர் வேதம் கேட்டால் நல்லதுதானே என்று பார்த்தார். போதகர்களுக்கு இந்த ஆசை இருப்பதுதான்; அதைப் பெரிய குற்றமென்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மரகதம் சொன்னாள்: "கரட்டடிப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க. புருசன் கப்பலேறி இருவது வருசத்துக்கு மேல ஆச்சாம். செத்துட்டாருன்னு வெச்சு, வைக்கப்புல்லுல உருவம் பண்ணிக் காரியம் செஞ்சு, தாலிய எறக்கிரலாம்னு கொழுந்தனாரு ஒத்தக்கால்ல நிக்கறாராம். இந்தம்மா, இல்ல, உசுரோடதான் இருக்காருன்னு புடிவாதமா இருக்காங்க."

"ஆளு பேரென்ன?"

"அவங்க பேரு உண்ணாமலை. புருசன் பேரக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க."

இதில் ஏசாயா ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கட்டியவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பெண்கள் நம்பிய காலம் அது. ஞானஸ்நானம் பெற்ற மரகதமே இத்தனை வருஷத்தில் 'ஏசாயா' என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. வேத வாசிப்பில் அந்தத் தீர்க்கதரிசியின் பெயர் வந்தால்கூட 'நம்ம ஐயர் பேருக்காரர்' என்று சொல்லிக் கடந்துபோவாள். அந்த அம்மாளைத் திரும்பக் கூப்பிட்டு, கூடவே ஊர்க்காரர் யாரையாவது அழைத்து வரச் சொல்லி விசாரித்திருக்கலாம். ஏசாயா அதைச் செய்யவில்லை. "நாளைக்குக் கோயிலுக்கு வரச் சொன்னியா?" என்று கேட்டார். சொன்னேன் என்றாள் மரகதம். அவர் ரசத்துக்குக் கையைக் குவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. ஏசாயா நன்றாகப் பேசக்கூடியவர். அன்று இன்னும் நன்றாகப் பேசினார். கப்பலில் காய்ச்சல் கண்டு இறந்தவரைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கியதைச் சொன்னார். மலைமலையாய்ப் படர்ந்த கரும்பைச் சொன்னார். வெள்ளைக்காரர் நடக்கிற நடைபாதையிலிருந்து தன்னைக் கீழே இறங்கச் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டார். மாலை போட்டுக் கூட்டி வந்தவர்கள் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. கடைசியாக, அந்த மூன்று வருஷத்தில் தனக்குக் கிடைத்த பெரிய கனி என்று நம்பியதை எடுத்தார்.

"ஒரு சாயங்காலம் தோட்டத்து ஓரமா நடந்து போறேன். பின்னால ஒரு குரல். 'ஏனுங்க சாமி, உங்களுக்கு எந்தூருங்க?' கடலுக்கு அந்தாண்ட நம்ம பேச்சு! நின்ன எடத்துலயே எனக்கு அழுகை வந்துருச்சு. காளியப்பன்னு பேரு. கரட்டடியில பொறந்தவர். சாராயத்துல விழுந்து கெடந்தார். ஒரு விதவையோட தாலி கட்டாமயே இருந்து நாலு பிள்ளைக. ஊர்ல கட்டின சம்சாரம் கொள்ளை நோயில போயிட்டான்னு சொல்லி என் காலைப் புடிச்சுக்கிட்டு அழுதார். அந்தக் குடும்பத்துக்கே நான் ஞானஸ்நானம் குடுத்தேன். என் கையாலயே தாலி எடுத்துக் குடுத்துக் கல்யாணத்தை முடிச்சு வெச்சேன். இன்னைக்கு அவர் குடிக்கறதில்லை. பிள்ளைக பள்ளிக்கூடம் போகுது."

சபையார் ஸ்தோத்திரம் என்றார்கள். மூப்பர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவோரம் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். காட்டு வேலைக்குப் போகிறவள் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏனுங்க சாமி, அவருக்கு எடது காது கிழிஞ்சிருக்குங்களா? மாட்டுக் கொம்பு மாட்டிக் கடுக்கனோட கிழிஞ்சதுங்க."

ஏசாயாவுக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. வந்து கேட்ட அத்தனை பேரில் ஒருத்திக்காவது நல்ல சேதி சொல்ல முடிந்ததே! "ஆமாம்மா, ஆமாம்! நீ அவருக்கு என்ன வேணும்? தங்கச்சியா?"

"கொள்ளையில செத்தவ நாந்தானுங்க" என்றாள் அவள்.

அடுத்துப் பாட்டு ஆரம்பிக்க வேண்டிய வாத்தியார் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். ஏசாயா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைங்க நாலுங்களா?" என்று உண்ணாமலை கேட்டாள்.

"நாலு."

"நல்லாருக்குதுங்களா?"

"நல்லாயிருக்காங்கம்மா."

"போயிட்டு வாரனுங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். மரகதம் எழுந்து பின்னாலேயே ஓடிப் பார்த்தாள். அதற்குள் அவள் சாலையைத் தாண்டிவிட்டாள். அன்று வந்திருந்த பெண்களிடம் மரகதம் ஒவ்வொருத்தியாகப் போய், நீங்களும் உங்கள் வீட்டு ஆண்களும் இதை எங்கேயும் பேசிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். யாரும் பேசவில்லை. நம் பக்கத்தில் அது அதிசயம்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஏசாயா மரகதத்தின் மேல் பாய்ந்தார். நேற்றே சரியாக விசாரித்திருக்கக் கூடாதா என்று கத்தினார். மரகதம் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "நானாவது பேரக் கேட்டேன், அவங்க சொல்லல. நீங்க அந்தப் பொம்பளய உள்ள கூப்புட்டுப் பாக்கக்கூட இல்லீங்களே" என்றாள்.

நேட்டாலில் இருந்தபோது அவர் இப்படி அசட்டையாக இருந்தவரல்ல. வட ஆர்க்காட்டான் கல்யாணம் கேட்டு வந்தால் அவன் ஊர்ப் பாதிரியாருக்கு எழுதுவார். பதில் கப்பலேறி வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார். தஞ்சாவூரானுக்கும் அதே சட்டம்தான். காளியப்பனுக்கு மட்டும் எழுதவில்லை. 'ஏனுங்க சாமி' என்று கூப்பிட்ட வாய் பொய் பேசும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சொந்த ஊர்ப் பேச்சுக்கு ஏங்கிக் கிடந்த காதுக்குக் காளியப்பன் சொன்னதெல்லாம் வேதவாக்காக இருந்தது. இப்போது மிஷனுக்கு உண்மையை எழுதினால் அந்தக் கல்யாணம் செல்லாது. அந்த நாலு பிள்ளைகளும் தாயும் மறுபடி பேரில்லாதவர்களாகிவிடுவார்கள். எழுதாவிட்டால் இருபது வருஷம் காத்திருந்த இந்த மனுஷிக்கு அவர் செய்தது பச்சைத் துரோகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெண் நின்றாள்.

அந்த வாரம் முழுக்கத் தவித்துவிட்டுக் கடைசியில் ஒரு காலையில் கரட்டடிக்குக் கிளம்பினார். கோட்டுப் போடவில்லை. அவளிடமே கேட்டுவிடுவது, அவள் எழுதச் சொன்னால் எழுதிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. ஊர்க்கிணற்றில் காரியத்துக்குத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த உண்ணாமலை அவரைப் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கீழே வைத்தாள். அவள் கழுத்தில் தாலி இல்லை.

"வாங்க சாமி" என்றாள். "அவரு செத்துட்டாருன்னு சொல்லிட்டேனுங்க. சேதி நீங்கதான் கொண்டாந்ததாச் சொல்லிப்போட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"அம்மிணி, அவர் உசுரோட இருக்கார். நான் எழுதறேன். அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு சொல்றேன்."

"எழுதினாக் கப்பலேறி வந்து எங்கூடப் பொழைக்கப் போறாருங்களா? அந்தப் புள்ளைங்கதான் தெருவுல நிக்கும்." குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "வர முடியாமக் கெடக்கறாருன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. உசுரோட இருக்கறவள வாய் கூசாமச் செத்தவன்னு சொன்னாரில்லீங்க, அவரு தாலி எனக்கு எதுக்குங்க? தள்ளி வெச்சவன்னு பேரு வாங்கறதுக்கு அறுத்தவளாவே இருந்துட்டுப் போறேன். ஊருப் பொம்பளைங்க வந்து எறக்கட்டும்னு நா காத்துட்டு இருக்கலீங்க. நானே கழட்டிப்புட்டேன்."

"என்னையும் பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"நா ஒண்ணும் சொல்லச் சொல்லலீங்க. நீங்களா வந்துட்டீங்க, அதனால சொன்னேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவருக்குத் திரும்பிப் போகவும் தெரியவில்லை, பின்னாலேயே போனார்.

வாசலில் வேப்பமரத்தடியில் வைக்கோல் உருவத்தைக் கிடத்திப் புது வேட்டி போர்த்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்து பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். காளியப்பனின் தம்பி சின்னண்ணன் ஓடி வந்து ஏசாயாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவனும் தலை நரைத்துப்போன ஆள்.

"சாமி, எங்கண்ணன் கூடவே இருந்தீங்களாமே. கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டானுங்களா? சொல்லுங்க சாமி."

ஒப்பாரி நின்றது. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். உண்ணாமலை மட்டும் பார்க்கவில்லை. குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். பொய்ச்சாட்சி பாவம் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வாய் ஏசாயாவுடையது. அந்த வாயால், "கஷ்டப்படலைங்க. நல்ல சாவுதான்" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அதைத் துக்கமென்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். துக்கம்தான்.

சின்னண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முறத்தை அவர் முன்னால் நீட்டினான். "எங்களுக்குத்தான் கடைசியில அவன் மொகத்தப் பாக்கக் குடுத்து வெக்கல. பாத்தவரு நீங்க ஒருத்தர்தானுங்க. நீங்களும் ஒரு புடி வாய்க்கரிசி போடோணும் சாமி."

போதகர் செய்யக்கூடாத காரியம் அது. மூப்பருக்குத் தெரிந்தால் சபையை விட்டே நீக்கச் சொல்வார். ஏசாயா குனிந்து ஒரு பிடி அரிசி அள்ளினார். நேட்டாலில் அந்த மனிதனுக்குத் தாலி எடுத்துக் கொடுத்த அதே கையால் வைக்கோல் உருவத்தின் வாயில் அரிசியைப் போட்டார்.

அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்ற உண்ணாமலை, அரிசி விழுந்ததும் மண்ணில் விழுந்து வாய்விட்டுக் கதறினாள்.