சர்க்கரையில் ஒரு சொட்டு

எங்கள் கம்பெனியில் எல்லாரும் ராஜாராமன் சாரின் மூக்கை நம்பினார்கள். நான் மட்டும், எண்ணெயில் கலந்திருப்பவற்றைப் பிரித்துத் தாளில் கோடாக வரைந்து காட்டும் மெஷினை நம்பினேன். அவர் தலைமைக் கெமிஸ்ட், வாசனை எண்ணெய்களை மோந்தே தரம் பிரிப்பவர். நான் எம்.எஸ்சி. முடித்துச் சேர்ந்தவள். அதே கம்பெனியில் என் அப்பா அழகர்சாமி பியூன். அவர் கைகட்டி நின்று வாங்கித் தந்த வேலை இது என்பதை சார் வாரம் தவறாமல் எனக்கு நினைவூட்டுவார்.

எண்பத்து நாலில் டாரகன் எண்ணெய் வந்தது. டாரகன், நாம் தலையில் வைக்கிற மரிக்கொழுந்துக்குப் பங்காளிச் செடி. வெள்ளைக்காரர்கள் கோழிக்கறியில் போடுவார்கள். சோம்பு போலவே மணக்கும். கைக்குழந்தைகளின் வயிற்றுப் பொருமலுக்கு நாங்கள் செய்யும் சொட்டு மருந்தில் சோம்பெண்ணெய்க்குப் பதில் இதைக் கலக்கலாம் என்று சார் முடிவு செய்தார்.

காகிதத் துண்டை எண்ணெயில் நனைத்து மூக்கருகே ஆட்டினார். “அச்சா! சௌஃபேதான். சோம்புல இருக்கிற அதே அனெத்தோல்னு எழுதிக்கோ.”

“இல்ல சார். மெஷின்ல அனெத்தோல் வர்ற இடத்துக்கு முன்னாடியே கோடு ஏறுது. இது எஸ்ட்ரகோல்.”

“ரெண்டுலயும் அதே அணுக்கள்தானேம்மா? ஒரு டபுள் பாண்ட் தள்ளி உக்காந்திண்டிருக்கு, அவ்வளவுதான்.”

“தள்ளி உக்காந்ததுதான் சார் வம்பு.”

எஸ்ட்ரகோல் குடலின் இறுக்கத்தைத் தளர்த்தும். பிள்ளையின் அழுகை நிற்கும். அது பொய்யில்லை. ஆனால் கல்லீரலுக்குப் போனதும் அதில் ஒரு பங்கு வேறொன்றாக மாறி டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. குட்டியாக இருக்கும்போதே அதிக அளவு கொடுத்த சுண்டெலிகளுக்கு வளர்ந்தபின் ஈரலில் கட்டி வந்தது என்று நூலகத்தில் படித்திருந்தேன். கறியில் கிள்ளிப் போடும் இலைக்கு யாரும் நடுங்க வேண்டாம். பால்குடிப் பிள்ளைக்குத் தினமும் எண்ணெயாகவே ஊட்டுவது வேறு.

“எலிக்கு வந்தா எலி டாக்டர்ட்ட போகட்டும்” என்று சிரித்தார் சார்.

புதுச் சரக்கு வெளியே போகுமுன் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சர்க்கரைக் கட்டியில் ஒரு சொட்டு விட்டு, முதலாளி லாலாஜியின் முன்னால் தலைமைக் கெமிஸ்டும் சோதித்த கெமிஸ்டும் தின்ன வேண்டும். இருவரும் தின்றால்தான் லாரி நகரும். டாரகன் கலந்த மருந்தின் முறை வந்த அன்று காலை, வீடிருந்த முனிர்காவிலிருந்து பஸ்ஸில் வரும்போதே அப்பா கெஞ்சினார். “இன்னைக்கு ஒருநா வாய அடக்கிக்க ஆத்தா.”

தட்டை ஏந்தி வந்ததும் அவர்தான். சார் தன் கட்டியை வாயில் போட்டுக்கொண்டார். நான் என்னுடையதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தட்டிலேயே வைத்தேன்.

“என்னம்மா, பயமா?”

“எனக்கென்ன பயம்? தின்னா எனக்கு ஒண்ணும் ஆகாது சார். அதக் காட்டித்தானே லாரிய அனுப்புவீங்க? பிள்ளைக்கு இருபது வருசம் கழிச்சு ஏதாச்சும் ஆனா அன்னைக்கு யாரு தட்டு ஏந்துறது?”

லாலாஜிக்கு இந்தியில் விளக்கினேன். “ஜஹர் ஹை க்யா?” என்றார். விஷமா?

“தெரியாது லாலாஜி. மனுஷனுக்கு என்ன செய்யும் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாததைப் பிள்ளை வாயில் விட நான் சம்மதிக்க மாட்டேன்.”

சார் அப்பாவிடம் திரும்பினார். “அழகர்சாமி! ஒம் பொண்ணுக்கு நீயே புத்தி சொல்லு.”

அப்பா தட்டை இறக்காமலே சொன்னார். “நான் கைநாட்டு சார். எனக்கு என்னா தெரியும்? அதுக்குத்தான அதப் படிக்க வச்சேன்.”

நான் மெஷினுக்குப் போனேன். எல்லார் கண்ணெதிரிலும் முதலில் சோம்பெண்ணெயைச் செலுத்தினேன், பிறகு டாரகனை. சுருளிலிருந்து இறங்கிய தாளில் இரண்டு சிகரங்களும் தள்ளித் தள்ளி நின்றன. லாலாஜி தாளை விரலால் தடவிப் பார்த்தார். லாரிக்குக் காத்திருந்த டிரம்களைக் கோடவுனிலேயே வைக்கச் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

“நீ வேற எடம் பாத்துக்கோ” என்றார் சார்.

“பாத்துக்கறேன் சார். அதுவரைக்கும் இந்த மெஷின் எங்கிட்டதான்.”

“இத என்னத்தா பண்ண?” என்று தட்டை நீட்டினார் அப்பா.

“தொட்டியில போடுங்கப்பா.”

சாரின் முன்னாலேயே போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். சர்க்கரை கரைந்தது. அறை முழுக்க நல்ல சோம்பு வாசனை.