முகத்துவாரத்தில் கிடைத்தவர்கள்

நான்காவது லோடை அள்ளும்போதுதான் காதர் அந்த மண்டையோட்டைப் பார்த்தார். பட்டினப்பாக்கத்தில், அடையாறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஓர் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எட்டடி ஆழத்தில் கறுப்புச் சேறு. ஜேசிபி பக்கெட்டின் பற்களுக்கு நடுவே அது சாய்ந்து கிடந்தது. கீழ்த்தாடையில் பல்வரிசை அப்படியே இருந்தது.

காதர் இன்ஜினை அணைத்தார். சைட் இன்ஜினியர் சுப்பராமன் ஓடி வந்து பார்த்துவிட்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"மண்ணோட சேத்து அனுப்பிடுப்பா. வெளில தெரிஞ்சா வேலையை நிறுத்திடுவா."

"மனுசன் சார் அது."

"என்னிக்கோ செத்தவன். நாம பொழைக்க வேண்டாமா?"

காதருக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருஷமாக மண் அள்ளுகிறார். இதற்கு முன்னும் எலும்புகள் வந்ததுண்டு. மாடாக இருக்கும், நாயாக இருக்கும் என்று அனுப்பியிருக்கிறார். அன்று காலை மூன்றாவது லோடிலும் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டார். இப்போது அந்தப் பற்களைப் பார்த்தபின் கை லீவருக்குப் போகவில்லை. சாவியோடு கீழே இறங்கி, சுப்பராமன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போலீசுக்குப் போன் போட்டார்.

இரண்டு நாள் தோண்டியதில் பதினோரு பேருடைய எலும்புகள் கிடைத்தன. எல்லாவற்றையும் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் காண்ட்ராக்டர் காதரை வேலையிலிருந்து நிறுத்தினார்.

அன்று தன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவரை, தகர வேலி ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிறுத்தினாள். சீனிவாசபுரத்தில் மீன் விற்கும் லூர்துமேரி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கூடையைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"நீதான் எடுத்தியா பாய்? அதுல சின்ன எலும்பு எதுனா இருந்துச்சா?"

"ஏங்கா?"

"சுனாமில என் பொண்ணு பூட்சு. எஸ்தரு. ஒம்போது வயசு. கிறிஸ்மஸுக்கு எடுத்த கவுனு போட்டுகினு கரைக்குப் போச்சு. எல்லா ஊட்லயும் பாடி கெடச்சுது, எனக்கு மட்டும் கெடைக்கல. போலீஸ்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டேன்றான்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் காதரின் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"ஒரு மண்டை கொஞ்சம் சின்னதா இருந்துச்சுக்கா."

அதோடு நிற்கவில்லை. பார்ப்பதற்கு முன்பே மூன்று லோடு மண் போய்விட்டதையும், கொட்டிவாக்கத்தில் ஒரு பள்ளமான மனையை மேடாக்க அதைக் கொட்டியதையும் சொன்னார். லூர்துமேரி கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா, காட்டு."

அந்த மனையின் வாட்ச்மேன் அய்யாதுரை நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் கேட்டைத் திறந்துவிட்டார். மண் இன்னும் பரப்பப்படாமல் மூன்று குவியல்களாகத்தான் கிடந்தது. நாலு நாள் இருவரும் அதைக் கையாலும் மீன் கழுவும் சல்லடையாலும் அரித்தார்கள். பகலெல்லாம் அவள் எஸ்தரைப் பற்றியே பேசினாள். பாவக்காய் தொடாது, எட்டாம் வாய்ப்பாடு மட்டும் வராது, தூக்கத்தில் பல்லைக் கடிக்கும். காதர் உம் கொட்டிக்கொண்டே அரித்தார். ஒரு தொடை எலும்பும் சில விலா எலும்புகளும் கிடைத்தன. தொடை எலும்பு நல்ல நீளம். அதை அவள் பார்த்தாள். சாக்கில் வைத்தாள்.

நாலாம் நாள் காதரின் சல்லடையில் ஒரு குண்டு சிக்கியது. கோலிக்குண்டு அளவு, ஆனால் கையில் கனத்தது. ஒருபுறம் நசுங்கியிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். காதர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவர் மனைவி சகினாவின் தங்கை ரூபீனா ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறாள். எலும்புச் சாக்கைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, அன்று மாலை குண்டை அவளிடம் காட்டினார். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள்.

"ஈயம் மச்சான். பழைய துப்பாக்கிக் குண்டு. அந்த ஆத்தங்கரையில ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்தாறுல ஒரு சண்டை நடந்துச்சு. எனக்கென்னமோ அவங்கதான்னு தோணுது. அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க."

"ரிசல்ட் வரட்டும்," என்றார் காதர்.

ரிசல்ட் வர ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை லூர்துமேரி வியாபாரம் முடிந்ததும் ஸ்டேஷனுக்கு நடந்தாள். வாரம் இரண்டு முறை காதருக்குப் போன் செய்தாள். எலும்பு கிடைத்தால் கல்லறைக்கு இடம் தருவதாகப் பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார் என்றாள். காதர் சரிக்கா, சரிக்கா என்றே சொல்லிவந்தார். குண்டு அலமாரியில் சகினாவின் வளையல் டப்பாவுக்குள் இருந்தது.

பதினோரு பேரும் ஆண்கள், இறந்து இருநூறு வருஷத்துக்கு மேல் என்று இன்ஸ்பெக்டர் சொன்ன அன்று, காதர் ரூபீனாவைக் கூட்டிக்கொண்டு சீனிவாசபுரம் போனார். லூர்துமேரி வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். போலீஸ் அவளிடமும் சொல்லிவிட்டிருந்தது.

"யாராம் அவுங்க?" என்று தலையைத் தூக்காமல் கேட்டாள்.

ரூபீனா எதிரில் குந்தி உட்கார்ந்தாள். "ஆற்காட்டு நவாபோட ஆளுங்களா இருக்கும்கா. வெள்ளக்காரன்கிட்டேர்ந்து மெட்ராஸைப் பிரெஞ்சுக்காரன் பிடிச்சிட்டான். ஊரை நவாபுக்குத் தரேன்னான், தரலை. நவாப் பையன் படையோட வந்து ஆத்துக்கு இந்தக் கரையில நின்னாரு. பாண்டிச்சேரிலேர்ந்து வந்த பிரெஞ்சுப்படை ஆத்துல இறங்கி, சுட்டுக்கிட்டே கரை ஏறிடுச்சு. அந்தப் படையிலயும் பாதிக்குமேல நம்ம ஊர் ஆளுங்கதான்."

"வெள்ளக்காரனுக்கும் அவனுக்கும் இன்னா சண்டை?"

"சண்டை இங்க ஆரம்பிக்கலைக்கா. ஐரோப்பாவுல ஒரு ராஜா செத்துட்டாரு. அவரு பொண்ணு பட்டத்துக்கு வரலாமா கூடாதான்னு தகராறு. இவன் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ரெண்டு பேருக்கும் இங்க யாவாரம் இருந்ததால இங்கயும் அடிச்சிக்கிட்டாங்க."

லூர்துமேரி கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?"

ரூபீனா இதை எதிர்பார்க்கவில்லை. "நாப்பது வருசம் ஆண்டாங்க."

"மெட்ராஸு?"

"ரெண்டு வருசத்துல சமாதானம் ஆயிடுச்சு. அமெரிக்கா பக்கம் ஒரு கோட்டையை வாங்கிக்கிட்டு, பிரெஞ்சுக்காரன் மெட்ராஸை வெள்ளக்காரனுக்கே திருப்பிக் குடுத்துட்டான்."

"இவுங்கள யாரும் தேடலியா? ஆத்தா, பொண்டாட்டி, யாரும் வர்லியா?"

"அதெல்லாம் யாரும் எழுதி வெக்கலைக்கா. எத்தனை பேர் செத்தாங்கன்னே சரியாத் தெரியாது."

காதர் சட்டைப்பையிலிருந்து குண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"கொட்டிவாக்கத்துல கெடச்சுதுக்கா. அப்பவே தெரியும். சொல்ல வாய் வரல. சின்ன மண்டைன்னு சொன்னதும் பொய்தான்."

லூர்துமேரி குண்டைத் தொடவில்லை. அவரையே பார்த்தாள்.

"ஆறு வாரம் பாய்," என்றாள். "எந்தப் பொட்டில வெக்கிறதுன்னுகூட யோசிச்சிகினு இருந்தேன்."

பிறகு மீன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. இவர்களாகவே எழுந்து வந்தார்கள்.

யாரும் உரிமை கோராததால் எலும்புகளை மாநகராட்சி மயானத்தில் புதைத்தார்கள். இஸ்லாமியரா, வேறு மதமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்கள். காதரும் பள்ளிவாசலிலிருந்து வந்த நாலு பேரும் நின்று தொழுதார்கள். லூர்துமேரி வரவில்லை. காதர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் திருவான்மியூரில் ஒரு தெருவில் டிரெய்னேஜ் வேலை கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரே வரியில் போன்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலுக்கு வா பாய்.

காதர் போனார். உள்ளே போகத் தயங்கி, செருப்புகள் கிடந்த பக்கவாசலில் நின்றார். பூசையின் நடுவே சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். இருபது வருஷமாக அந்தப் பட்டியலில் தன் மகளின் பெயரைச் சேர்க்க அவள் ஒருமுறைகூடச் சம்மதித்ததில்லை என்று பக்கத்தில் நின்ற சீனிவாசபுரத்துக்காரர் ஒருவர் மெல்லச் சொன்னார். சாமியார் எஸ்தர் என்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த பெயருக்குப் போனார்.

கூட்டம் கலைந்தபோது லூர்துமேரி வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கேட்டியா?" என்றாள்.

"கேட்டேங்கா."

அவள் தலையாட்டினாள். குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் நடந்தாள்.