வடக்குச் சுவர்

ஆனெஸோ இறந்து மூன்று வருடம் முடிந்த காலையில், கிரேக்கத் தீவான மிக்கோனோஸின் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அந்த ஊர் வழக்கப்படி அவளைத் தோண்டி எடுத்தார்கள். பாதிரியார் ஜெபம் சொல்ல, எலும்புகளை ஒயினில் கழுவித் தகரப் பெட்டியில் அடுக்கினார்கள். கணவர் ஸ்டாமாட்டிஸ் பெட்டியை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மகனின் வண்டியில் ஏறினார்.

கடற்கரை மேட்டில் அவர்கள் குடும்பத்துச் சிற்றாலயம் இருக்கிறது. அதன் வடக்குச் சுவருக்குள்தான் அவருடைய தாத்தாவும் தகப்பனும் தாயும் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு வாழ வந்தவளுக்கும் அங்கேதான் இடம்.

"இன்னிக்கு வேண்டாம்ப்பா," என்றான் மகன் மிஹாலிஸ், மூன்றாவது முறையாக. "அக்டோபர்ல டூரிஸ்ட் கூட்டம் போயிடும். நிம்மதியா வைக்கலாம்."

"அதுவரைக்கும் உங்கம்மா எங்கடா இருப்பா? உன் கிடங்குல, பீர் பெட்டி மேலயா?"

மிஹாலிஸ் வண்டியைக் கிளப்பினான். ஆலயத்துக்குக் கீழேயுள்ள கரையைக் கேளிக்கை விடுதி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டவன் அவன்தான். கரையை மட்டும் என்றுதான் தகப்பனிடம் சொல்லியிருந்தான்.

மேட்டில் இறங்கியபோது மணி பத்து. முந்தின இரவு தொடங்கிய பாட்டு இன்னும் ஓயவில்லை. வடக்குச் சுவரை ஒட்டி நீளமாகச் சிமெண்டு இருக்கை கட்டி, வெள்ளையடித்து, மெத்தை போட்டிருந்தார்கள். பெயர் பொறித்த கற்கள் மூன்றும் அதற்குப் பின்னால் போய்விட்டன. நீச்சலுடையில் ஒரு பெண் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குப் பின்னால் அவருடைய தாய்.

"சூரியன் மறையறதப் பார்க்க உட்கார இடம் கேட்டாங்கப்பா. உள்ள எதையும் தொடல, சத்தியமா."

ஸ்டாமாட்டிஸ் பெட்டியை ஆலயப் படியில் வைத்தார். கல்லைப் பெயர்க்கக் கொண்டுவந்திருந்த கடப்பாரையை எடுத்தார். முதல் அடியில் அந்தப் பெண் அலறி எழுந்து ஓடினாள். இரண்டாவது அடியில் கூட்டம் சேர்ந்தது. செல்போன்கள் உயர்ந்தன. வெயிலில் சிவந்த வெளிநாட்டு இளைஞன் ஒருவன் கோப்பையை நீட்டினான். "தாத்தா, ஒரு மடக்கு குடிச்சிட்டு உடைங்க!" எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்றாவது அடி விழவில்லை. மிஹாலிஸ் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்கப்பா. கையெழுத்துப் போட்டிருக்கேன். உடைச்சா என்னைத்தான் கோர்ட்டுக்கு இழுப்பாங்க."

எழுபத்தெட்டு வயதுக் கையிலிருந்து இரும்பைப் பிடுங்க அவனுக்குப் பெரிய பலம் தேவைப்படவில்லை. கூட்டம் அதற்கும் கைதட்டியது.

கிழவர் சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினார். பெட்டியை எடுத்தார். மகன் வண்டிக் கதவைத் திறந்துவைத்தும் ஏறவில்லை. ஊர்வரைக்கும் நடந்தே போனார்.

கல்லறைத் தோட்டத்தில் சொந்த ஆலயம் இல்லாதவர்களின் எலும்புகளை அடுக்கும் பொது அறை ஒன்று உண்டு. அதன் வாசலில் அவரைப் பார்த்ததும் பாதிரியார் திகைத்துப்போனார்.

"என்ன ஸ்டாமாட்டிஸ் ஐயா, உங்க வீட்டம்மாவா இங்க?"

"இங்கதான், சாமி."

பெட்டிமேல் பெயர் எழுதப் பாதிரியார் தூரிகையை எடுத்தார். "உங்க குடும்பப் பேரோடதானே?"

"வேண்டாம். அவ அப்பா வீட்டுப் பேரைப் போடுங்க. நம்பி வந்தவளுக்கு ஒரு இடம் குடுக்க எங்க வீட்டால முடியல."

"அப்போ நாளைக்கு உங்களுக்கு?"

"இவ பக்கத்துல. எனக்குப் பேரே எழுத வேண்டாம்."

பாதிரியார் எழுதி முடிக்கும்வரை, பெட்டி ஆடாமல் ஸ்டாமாட்டிஸ் பிடித்துக்கொண்டிருந்தார்.