இடிந்த கலா சௌங்

உலகத்தைச் சுற்றி வரும் வெள்ளைக்காரக் கப்பல் ஒன்று ரங்கூனில் ஒரே ஒரு நாள் நின்றது. அந்த ஒரு நாளைக்குள் பழைய இடிபாடும் ஆற்றங்கரை ஊரும் பார்த்துவிட வேண்டுமென்று ஒரு துரையும் துரைசானியும் ஆற்று ஸ்டீமர் ஏறி அக்கரையிலிருந்த சிரியத்துக்கு வந்தார்கள். கூட வந்த வழிகாட்டி வடிவேல், துறையில் நின்ற ஜமாலின் ஜட்காவில் அவர்களை ஏற்றினான்.

"இடிஞ்ச கலா சௌங்குக்கு ஓட்டுங்க, பாய்."

பர்மாக்காரருக்குக் கடல் தாண்டி வந்தவன் எவனும் கலாதான். வெள்ளைக்காரன் வெள்ளைக் கலா, நாம் வெறும் கலா. கலா கும்பிடும் இடம் எதுவானாலும் கலா சௌங். வடிவேல் சொன்னது பறங்கியர் கட்டிப் பாழாய்ப்போன மாதாகோயிலை. ஜமாலுக்கோ, போன மழையில் சுவர் சரிந்த தங்கள் பள்ளிவாசல்தான் நினைவில் வந்தது. நம் பள்ளியைப் பார்க்க இத்தனை தூரம் வந்திருக்கிறார்களே என்று மனம் குளிர்ந்துபோய், மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டிப்போனார்.

அந்தக் குளிர்ச்சி வாசல்வரைதான். துரை பூட்ஸோடு தொழுகைப் பாயில் ஏறினார். ஜமால் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"பாழடைஞ்ச இடந்தானே, பாய். யார் பார்க்கப்போறா?" என்றான் வடிவேல்.

"காலையிலே சுபுஹு தொழுதது இங்கேதான். பாழாம்."

வடிவேல் சுற்றிப் பார்த்தான். இடம் மாறியது அவனுக்கு விளங்கிவிட்டது. சிரித்தான். "சரி விடுங்க. இவங்களுக்கு எல்லாச் செங்கல்லும் ஒண்ணுதான்."

துரையிடமும் துரைசானியிடமும் அதைச் சொல்லவில்லை. பள்ளியின் பின்னால் புதைகுழிகள் இருந்த மையவாடியையும் சுற்றிக்காட்டிவிட்டுத்தான் வண்டியேற்றினான்.

துறையை நெருங்கும்போது ஜமால் தற்செயலாகத் திரும்பினார். துரைசானி மடியில் ஒரு சிறு கல்லை வைத்துக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுத்தில்லாத கல், சுண்ணாம்பு பூசியது. அடுத்த வீட்டு நூர் பீவியின் பிள்ளை காய்ச்சலில் மௌத்தானபோது, புதைத்த கபுரின் தலைமாட்டில் நட்ட மீசான் கல். நட்டவரே ஜமால்தான். வடிவேலிடம் சொன்னார்.

"தம்பி, அது பிள்ளையோட மீசான் கல்லு. வாங்கிக் குடுங்க."

"பழங்காலத்துப் பொருள்னு சொல்லிட்டேனே, பாய். அம்மா ஆசையா எடுத்திருக்காங்க. வேற கல்லா கிடைக்காது?"

ஜமால் கடிவாளத்தை இழுத்தார். ஜட்கா வந்த வழியே திரும்பியது.

"பாய், ஸ்டீமர் போயிடும். கப்பலும் போயிடும்."

"போகட்டும். கப்பலுக்கு வேற ஆள் கிடைக்கும். அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது அந்தக் கல்லுதான்."

மையவாடியில் நூர் பீவி மண்டியிட்டுப் புல்லை விலக்கித் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குடம். துரைசானியின் குடை நீளம்கூட இல்லாத மண்மேடு. கால்மாட்டில் ஒரு கல் நின்றது. தலைமாட்டில் வெறும் குழி.

யாரும் மொழிபெயர்க்கவில்லை. துரைசானி குழியையும் கையிலிருந்த கல்லையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளாகவே காலணியைக் கழற்றிவிட்டு நடந்துபோய்க் கல்லைக் குழியில் வைத்தாள். கோணலாக நின்றது. நூர் பீவி நிமிர்த்தி வைத்து மண் அணைத்தாள். பிறகு, செம்மண் அப்பிய அந்த வெள்ளைக் கால்களைப் பார்த்தாள். குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள்.

"அவளுக்கு எதுக்கு, தங்கச்சி?" என்றார் ஜமால்.

"காலெல்லாம் மண்ணா இருக்கே, காக்கா."

வண்டி புறப்பட்டபோது வடிவேலும் ஏற வந்தான். ஜமால் சாட்டையைக் குறுக்கே நீட்டினார்.

"அந்த அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நடந்து வாங்க."

தெருமுக்குவரை ஜமால் திரும்பிப் பார்க்கவில்லை. துறையில் ஸ்டீமர் ஊதியது. அவருக்குக் குடத்துத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. வண்டியை நிறுத்தி, மூச்சிரைக்க ஓடிவந்தவனுக்கு ஒதுங்கி இடம் கொடுத்தார்.

பேச்சு மட்டும் கொடுக்கவில்லை.