பக்கத்து வீட்டு கேட்

1

இந்தக் கதை எனக்குத் தையல் கடையில் கிடைத்தது. அளவு கொடுக்க வந்த ஒருத்தி தையல்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவன் வெளிநாட்டில் வெல்டர். வாசலுக்கு கேட் போடச் சொல்லி அவன் அனுப்பிய பணத்தில் இவள் வீட்டுக்குள் குளியலறை கட்டிவிட்டாள். வீடியோ காலில் பக்கத்து வீட்டு கேட்டைக் காட்டிச் சமாளிக்கிறாள்.

"தெரிஞ்சா பணத்தை அவங்க அண்ணன் கணக்குக்கு மாத்திடுவார்க்கா. அப்புறம் உப்பு வாங்கக்கூட அந்த அண்ணன்கிட்ட நிக்கணும்."

நான் ரவிக்கைத் துணியை மறந்துவிட்டேன்.

2

முதல் வரி: 'அவள் பொய்க்காரி அல்ல, ஆனால்'

(அடித்துவிட்டேன். 'ஆனால்' போட்டதுமே அவளைக் கூண்டில் ஏற்றிவிடுகிறேன்.)

இரண்டாவது: 'ஆண் அனுப்பும் பணம் தெருவைப் பார்க்கிறது, பெண் கைக்கு வந்த பணம்'

(இது கட்டுரை. வீடியோ கால் பேச்சையே போடுகிறேன்.)

"தள்ளி நின்னு காட்டு. வீடு தெரியலையே?"

"வெயிலுங்க. போன் சூடாகுது."

"கேட்ல சிங்கம் இருக்கு? நான் மயில்தானே போடச் சொன்னேன்?"

"மயில் ஸ்டாக் இல்லையாம்."

பின்னாலிருந்து மாமியார்: "சிங்கத்துக்கு என்னடா குறைச்சல்? போனை வைடா, காசு போகுது."

(மாமியாரை எதிரியாக வைத்திருந்தேன். கொல்லைக்கு நடந்து நடந்து தேய்ந்த மூட்டுகள் கட்சி மாறிவிட்டன.)

3

கணவனை முரடனாக எழுதினேன். எடுபடவில்லை. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி, அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் அந்த கேட்டின் படத்தைக் காட்டுகிறான். "நம்ம வீடு" என்கிறான். ஊரில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்பதற்கு அவனிடம் வேறு அத்தாட்சி இல்லை. இதை எழுதியபின் எனக்கு அவள்மேல் லேசாகக் கோபம் வந்தது. அதையும் அடிக்காமல் விடுகிறேன்.

4

சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்து இறங்குகிறான்.

முடிவு அ: சண்டை. பணம் அண்ணன் கணக்குக்குப் போகிறது. (தூக்கம் வராது எனக்கு.)

முடிவு ஆ: சிரித்து மன்னிக்கிறான். (நானே நம்பவில்லை.)

முடிவு இ: பெட்டியோடு சிங்க கேட்டைத் திறந்து உள்ளே போகிறான். "தம்பி, உங்க வீடு அடுத்தது" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். மூங்கில் தட்டிதான் இருக்கிறது. முகம் சிவக்கிறது. வாயைத் திறக்கிறான். "கேட் காசுலதாங்க உள்ள பாத்ரூம் கட்டினேன்" என்று முந்திக்கொள்கிறாள் அவள். நாள் முழுக்கப் பயணம் வேறு.

"பாத்ரூம் எங்க?"

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறான். அங்கே, வெளிநாட்டில், அறையில் அத்தனை பேருக்கும் ஒரே குளியலறை. சோப்பு போடும்போதே யாராவது கதவை இடிப்பார்கள். இங்கே யாரும் இடிக்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் ஓய்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

"என்னடி பண்றான்?"

"தெரியலை அத்தை. பாடுறார் போல."

நான் தட்டமாட்டேன். முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்களே போய்த் தட்டுங்கள்.