மேலே நிமிர்ந்த தலை

குழுவின் காணொளி இணைப்பு ஜெனீவாவிலிருந்து பத்து மணிக்கு வந்தது. எங்கள் ஊர் வாசகசாலையில் ஸ்வேத்லினா, அவள் அப்பா லாசர், நான் மூவரும் இருந்தோம். அனல் மின் நிலையத்தின் சாம்பல் பள்ளிக்கூடத்தில் விழுகிறது என்று சர்வதேசக் குழுவுக்குப் புகார் எழுதியவள் ஸ்வேத்லினா. பதினேழு வயது. நான் வேதியியல் படித்தவள். சாம்பலை அளந்து கொடுத்தேன். பேச வேண்டியது அவள்தான்.

"பனிட்சா ஒரு துண்டு தின்னு. வெறும் வயித்துல சட்டம் பேசாதே" என்று வெண்ணெய் மினுங்கும் பாலாடைக்கட்டி அப்பத் தட்டை நீட்டினார் லாசர்.

"வாயெல்லாம் வெண்ணெய் ஒழுகப் பேசவாப்பா?"

லாசருக்கு அந்த நிலையத்தில்தான் வேலை. அவர் பேசினால் சாம்பல் பாதியாகிவிடும்.

திரையில் தலைவர் அம்மாள் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளரின் குரல் எங்கள் மொழியில் வந்தது: "நீங்க வயசுல சின்னவங்க. உங்களுக்குப் பதிலா அப்பா பேசணும்னு விரும்புறீங்களா?"

ஸ்வேத்லினா நாக்கைச் சொடுக்கித் தலையை மேலே நிமிர்த்தினாள். ஒலிவாங்கி அணைந்திருந்தது.

தலைவர் புன்னகைத்து எழுதிக்கொண்டார். "நன்றி. அப்பா தொடங்கலாம். ஏழு நிமிஷம்."

"நானா?" லாசர் எழுந்தே விட்டார்.

எனக்குப் புரிந்தது. வெளிநாட்டில் படித்தபோது இப்படித் தலை நிமிர்த்தியே வேண்டாத சூப்பை மூன்று முறை வாங்கிக் குடித்திருக்கிறேன்.

"நீ இல்லைன்னு சொன்னதை அவங்க ஆமான்னு எடுத்துக்கிட்டாங்க" என்றேன்.

"அதனால என்ன, நானே ரெண்டு வார்த்தை சொல்லிடறேன்..."

"அப்பா, உக்காரு."

அவள் ஒலிவாங்கியைத் திறந்தாள். "அம்மா, நான் சொன்னது 'இல்லை'. எங்க ஊர்ல 'இல்லை' இப்படித்தான்." மறுபடி மெதுவாக நிமிர்த்திக் காட்டினாள்.

"அப்போ 'ஆமா' எப்படி?"

இருபக்கமும் ஆட்டினாள். திரைக்குள் யாரோ சிரித்தார்கள். தலைவர் பேனாவைத் தூக்கினார்.

"பதிவுல இதை எப்படி எழுத?"

"'அப்பா வேண்டாம், நானே பேசுறேன்'னு எழுதுங்க. தலையை விட்டுடுங்க."

தலைவர் முந்தைய வரியை அடித்துவிட்டு எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "ஏழு நிமிஷமும் உங்களுக்குத்தான். தொடங்கலாமா?"

ஸ்வேத்லினாவின் தலை பக்கவாட்டில் அசையத் தொடங்கியது. இரண்டு கைகளாலும் மோவாயைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, "ஆமா" என்றாள்.

லாசர் உட்கார்ந்தார். பனிட்சாத் தட்டை நகர்த்திவிட்டு, சாம்பல் அளவுத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.